பாண் கிடைக்காத மாதங்களில்தான் என் வயிறு சுகமாக இருந்தது

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நான் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை ஒழுங்கையின் முனையிலுள்ள பேக்கரி பெரும்பாலான நாட்களில் மூடியே கிடந்தது. எரிவாயு இருந்தால் மா இல்லை. மா இருந்தால் எரிவாயு இல்லை. இரண்டும் இருந்த நாட்களில் ஒரு இறாத்தல் பாணின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பகுதிநேர ஊடகவியலாளர் ஒருவரின் வருமானத்தில் காலையும் இரவும் பாண் என்பது அந்த மாதங்களில் ஆடம்பரமாகிவிட்டிருந்தது.

வீட்டுக்கார அன்ரி பருத்தித்துறைக்காரர். பின்வளவில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டியிருந்தார். "பிள்ளை, பாணைத் தேடி அலையாதேயும். மரவள்ளி அவிச்சிருக்கிறன், சம்பலோட சாப்பிடும்" என்பார். மரவள்ளி இல்லாவிட்டால் பலாக்காய், அதுவும் இல்லாவிட்டால் சோறும் ஒரு கறியும். நாட்டிலே எல்லோரும் பட்டினியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த மூன்று, நான்கு மாதங்களில் என் வயிறு, பல வருடங்களுக்குப் பிறகு, அமைதியாக இருந்தது. வீக்கம் இல்லை. காலையில் மூன்று தடவை கழிவறைக்கு ஓடவில்லை. வாய்ப்புண் ஆறியிருந்தது.

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. எரிபொருள் வரிசைகளிலும் காலிமுகத்திடலிலும் செய்தி சேகரித்துத் திரிந்ததால் வயிற்றை நினைக்க நேரமில்லாமல் போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்த வருடம் பாண் மறுபடியும் மேசைக்கு வந்தது. கூடவே எல்லா நோவும் வந்தது.

'கேஸ்ட்ரிக்' என்ற பெயரில் ஏழு வருடங்கள்

நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படிக்கும் காலத்திலேயே எனக்குத் தலைசுற்றும், மூச்சு வாங்கும். விடுதியில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறேன். குருதிப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8க்கும் 9க்கும் இடையில் நிற்கும். "இரத்தம் குறைவு, மாத்திரை எடுங்க" என்று இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். பூச்சி மாத்திரையும் தருவார்கள். வயிற்றைப் பற்றிச் சொன்னால் 'கேஸ்ட்ரிக்' என்று இன்னொரு மாத்திரை சேரும்.

ஏழு வருடங்களில் எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. மாதவிடாயில் இரத்தம் போகிறது. வேலை அழுத்தம். கொழும்பின் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாணம் முடிச்சா எல்லாம் சரியாயிரும்" என்றது என் அத்தை மட்டுமல்ல. ஒரு தனியார் கிளினிக்கில் வைத்தியர் ஒருவரும் அதையே சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை. இந்த நாட்டில் இளம் பெண்ணொருத்திக்கு இரத்தம் குறைவதற்கு இவை எல்லாமே உண்மையான காரணங்கள்தாம். ஆனால் காரணம் ஏற்கனவே தயாராக இருக்கும்போது யாரும் மேற்கொண்டு தேடுவதில்லை.

2023இல் நான் போன அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் ஒரு வைத்தியர் என்னுடைய பழைய அறிக்கைகளைத் திகதி வாரியாக மேசையில் பரப்பினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஆறு மாதம் ஒழுங்காக இரும்புச்சத்து மாத்திரை எடுத்திருக்கிறீங்க. அது எங்கே போகுது?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. விழுங்கியது உடம்பில் சேரவில்லை என்றால், ஒன்றில் எங்கோ இரத்தம் கசிகிறது, அல்லது குடல் அதை உறிஞ்சவில்லை. உறிஞ்சாத குடலுக்கான காரணங்களில் ஒன்றாகத்தான் 'சீலியாக் நோய்' என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

குடலுக்குள் நடப்பது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்று பொதுவாக அழைக்கப்படும் புரதங்கள் இருக்கின்றன. ரொட்டி மா இழுபடுவதும் பாண் பொங்குவதும் இந்தப் புரதத்தால்தான். மற்றவர்களுக்கு அது வெறும் உணவு. பரம்பரையாகச் சில அலகுகளைக் கொண்டிருக்கும் ஒரு சிலரில் மட்டும், உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அதைப் பகையாளி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சண்டையில் அடிபடுவது சிறுகுடலின் சொந்தச் சுவர்.

பாடசாலையில் விஞ்ஞானப் புத்தகத்தில் சடைமுளைகள் என்று படித்திருப்போம். சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பவை. நாம் சாப்பிடுவதை உறிஞ்சுவது அவைதான். சீலியாக் நோயில் அவை தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. முதலில் அடிபடுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. இரும்புச்சத்து அதிகம் உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அதனால்தான் வயிற்றில் பெரிதாக எதுவும் தெரியாமலே, வெறும் இரத்தச்சோகையாக மட்டும் இந்த நோய் பல வருடம் ஒளிந்திருக்கலாம். எலும்பு தேய்தல், ஆறாத வாய்ப்புண், குழந்தை தங்காமை, பிள்ளைகளில் வளர்ச்சி குன்றுதல், தோலில் கடுமையான அரிப்புடன் கொப்புளங்கள் என்று அது வேறு முகங்களிலும் வரும்.

இது ஒவ்வாமை அல்ல. கோதுமை ஒவ்வாமை வேறு. தொற்று நோயும் அல்ல. உடல் தன்னையே தாக்கும் நோய்களின் வகையைச் சேர்ந்தது. உலக அளவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பரம்பரை அலகுகள் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் இருக்கும். ஆனால் அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஒருவருக்கு நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், சகோதரர், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கும் இருக்க வாய்ப்புண்டு. இந்தக் கடைசி வரி எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பரிசோதனைக்கு முன் நான் செய்த பிழை

கிளினிக்கிலிருந்து வந்த இரவே கைத்தொலைபேசியில் தேடினேன். தேடிக் கிடைத்ததைப் படித்துவிட்டு மறுநாளே பாண், ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டு மாதம் சோறு மட்டும். உடம்பு தேறியது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையுடன் குருதிப் பரிசோதனைக்குப் போகத் தயாரானேன். அந்தப் பரிசோதனைக்கான கட்டணம் ஒரு கட்டுரைக்கு எனக்குக் கிடைக்கும் கொடுப்பனவைவிட அதிகம்.

போவதற்கு முன் வைத்தியரைச் சந்தித்து நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இப்ப எடுத்தா ஒன்றும் தெரியாது. திரும்ப பாண் சாப்பிடுங்க. ஆறு கிழமை, ஒவ்வொரு நாளும்."

இதை வாசிக்கும் யாருக்காவது பயன்படும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். குருதிப் பரிசோதனை தேடுவது குளூட்டனையல்ல. குளூட்டனால் தூண்டப்பட்டு நம் உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளை. திசுக்களிலுள்ள ஒரு நொதியத்துக்கு எதிராக அவை உருவாகின்றன. கோதுமையை நிறுத்தினால் அவையும் மெல்லக் குறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் பரிசோதனை 'இல்லை' என்று சொல்லிவிடலாம். ஆகவே பரிசோதனை முடியும்வரை கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அத்துடன் குறிப்பிட்ட ஒரு பிறபொருளெதிரி வகை, ஐஜிஏ, சிலருக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். அவர்களுக்கும் முடிவு பிழையாக வரக்கூடும் என்பதால், மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

அந்த ஆறு கிழமையை மறக்க முடியாது. நோயைத் தருவது இதுதான் என்று தெரிந்துகொண்டு, காலையில் இரண்டு துண்டு, இரவில் இரண்டு துண்டு என்று மருந்தைப் போலப் பாணை விழுங்கினேன். மூன்றாம் நாளே வயிறு ஊதிவிட்டது. பேருந்தில் போக முடியாமல் இரண்டு செய்தியாளர் சந்திப்புகளைத் தவறவிட்டேன்.

முடிவு வந்தபோது பிறபொருளெதிரியின் அளவு மிக உயர்ந்திருந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி. வாய்வழியாகக் குழாயைவிட்டு, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சிறு சிறு துணுக்குகளை எடுத்தார்கள். ஒன்று போதாது, சேதம் சில இடங்களில் மட்டும் இருக்கலாம் என்பதால் பல இடங்களிலிருந்து எடுக்க வேண்டும் என்று தாதி சொன்னார். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த அறிக்கையில் சடைமுளைகள் மட்டமாகியிருப்பதாக எழுதியிருந்தது. அதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுதும் குளூட்டன் இல்லாத உணவே சிகிச்சை.

எனக்கு அழுகை வரவில்லை. ஏழு வருடமாக என் மேல் சுமத்தப்பட்டிருந்த 'நேரத்துக்குச் சாப்பிடாதவள்' என்ற பட்டம் இறங்கியதில் ஒரு நிம்மதிதான் வந்தது.

ஒரு பட்டினிக் குளிர்காலம்

நெருக்கடிக் காலத்தில் என் வயிறு ஏன் அமைதியாக இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இதற்கு முன்பு இதேபோன்ற ஒன்று ஒரு நாட்டில் நடந்திருக்கிறது.

1888இல் சாமுவேல் கீ என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக விவரித்திருந்தார். உணவால்தான் குணமாகும் என்றும் ஊகித்திருந்தார். ஆனால் எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தார்கள். வாழைப்பழத்தை அடிப்படையாகக் கொண்ட உணவுமுறையைக் கொடுத்துச் சிலரைக் காப்பாற்றினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ விசேடம் இருப்பதாக நம்பினார்கள். உண்மையில் அந்த உணவில் என்ன இருந்தது என்பதைவிட, என்ன இல்லை என்பதே முக்கியமாக இருந்தது.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1930களிலேயே கோதுமையைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45இல் அங்கே கடும் பஞ்சம். மக்கள் டியூலிப் பூவின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். நாடே மெலிந்துகொண்டிருக்க, சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் மோசமாகவில்லை. பாண் மறுபடி வந்ததும் நோயும் திரும்பியது. டிக்கேயின் சந்தேகம் உறுதிப்பட்டது. 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்பதை அவர் நிறுவினார்.

அதை வாசித்த இரவு வெள்ளவத்தையின் மூடிக் கிடந்த பேக்கரியும் அன்ரியின் விறகடுப்பும் நினைவுக்கு வந்தன. எல்லோருக்கும் துன்பமான காலமொன்றில் நான் மட்டும் சுகமாக இருந்தது சற்றுக் குற்ற உணர்வையும் தந்தது.

மா ஒளிந்திருக்கும் இடங்கள்

"சோறு சாப்பிடும் ஆட்களுக்கு இது ஒரு பிரச்சினையா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது, நம் சாப்பாட்டில் கோதுமை மா இல்லாத இடத்தைத் தேட வேண்டும் என்று.

பாண், பணிஸ், ரோல்ஸ், கொத்து, பராட்டா ஆகியவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள். ரவையும் சேமியாவும் ஆட்டா மாவும் கோதுமைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே கேசரி இல்லை, சேமியாப் பாயாசம் இல்லை. 'குரக்கன் ரொட்டி' என்று கடையில் விற்பதில் பாதிக்கு மேல் கோதுமை மா இருக்கலாம். அன்ரியின் பிட்டும் இடியப்பமும் அரிசி மா என்று நம்பிச் சாப்பிட்டேன். இரண்டாம் கிழமை வயிறு காட்டிக்கொடுத்தது. கேட்டபோது, "ஐயோ பிள்ளை, அவிச்ச கோதுமை மாவும் கலந்துதானே நாங்கள் குழைக்கிறது. இல்லாட்டி மெதுமை வராது" என்றார். யாழ்ப்பாணத் தோசையிலும் பல வீடுகளில் உளுந்துடன் கோதுமை மா சேர்ப்பார்கள். முறுக்கிலும் சேர்ப்பார்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருக்கும். சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத் தயாரிக்கப்படுவது. மோல்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருகின்றன. கட்லட்டின் மேலே பாண் தூள்.

அதற்கு மேலே கலப்படம் என்ற பிரச்சினை. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. ரொட்டி சுட்ட அதே கல்லில் தோசை ஊற்றுவது, ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் வடை போடுவது, கோதுமை மா அள்ளிய கரண்டியால் அரிசி மாவை அள்ளுவது. 'குளூட்டன் அற்றது' என்று ஓர் உணவைச் சொல்ல, சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனால் குடல் சேதமடையக்கூடும் என்று 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒரு துண்டுப் பாணில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம். அதாவது அந்த அளவின் 40 மடங்கு. "ஒரு துண்டுதானே, ஒன்றும் ஆகாது" என்று அன்போடு நீட்டுபவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

ஆனால் கடினமானது கணக்கல்ல, உபசரிப்புதான். செய்திக்காகக் கிராமங்களுக்குப் போகும்போது தேத்தண்ணியுடன் பிஸ்கட் வைப்பார்கள். காணாமலாக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாய் ஒருவர் தட்டை நீட்டும்போது "வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். இப்போதெல்லாம் பையில் வாழைப்பழம் வைத்திருக்கிறேன். "எனக்கு ஒரு வருத்தம் இருக்கம்மா, மா சாப்பிடக் கூடாது, உங்கட தேத்தண்ணி போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தம் மாதிரி என்றால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் 'குளூட்டன் அற்ற' பாண் கொழும்பின் பெரிய சுப்பர்மார்க்கட்டுகளில் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அது தேவையுமில்லை. சோறு, பால்சோறு, தனி அரிசி மாவில் செய்த பிட்டு, தனிக் குரக்கன் கூழ், சாமை, தினை, சோளம், மரவள்ளி, வற்றாளைக் கிழங்கு, பலாக்காய், ஈரப்பலா, பயறு, கடலை, கௌபி எல்லாமே இயல்பாகக் குளூட்டன் இல்லாதவை. அரிசியை நானே கழுவிக் காயவைத்து ஆலையில் அரைத்துக்கொள்கிறேன். ஒரு வருடத்தில் பிறபொருளெதிரி இறங்கியது. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதையே அப்போதுதான் அறிந்தேன்.

தோட்டத்து ரொட்டி

கொழும்பில் என் சமையலறையை நான் மாற்றிக்கொண்டேன். ஊருக்குப் போனபோதுதான் விடயத்தின் எடை தெரிந்தது.

லயத்தில் விடிவது ரொட்டியோடுதான். நாலரை மணிக்கு எழும்பி மாவைப் பிசைந்து, தட்டி, கல்லில் போட்டு எடுத்து, கட்டைச் சம்பலுடன் சுருட்டிக் கொண்டு மலைக்குப் போவார்கள். அது பகல் வரை தாங்கும். இரண்டு ரொட்டி வயிற்றில் கிடந்தால் கூடை நிறையும் என்று அம்மா சொல்வார். 2022 ஜனவரியில் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தபோது, தோட்டக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கியது மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாவுக்கு. மலையகத்தின் உணவு எது என்பதில் அரசாங்கத்துக்கே சந்தேகம் இருக்கவில்லை.

இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. எங்கள் முன்னோர் வந்த தென்னிந்தியக் கிராமங்களிலும் அது அன்றாட உணவாக இருக்கவில்லை. அரிசியும் கேழ்வரகும் கம்பும் தின்றவர்கள். இந்தியாவில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, சீலியாக் நோய்க்கான பிறபொருளெதிரி வட இந்தியாவில் 1.23 சதவீதத்தினரிடமும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதத்தினரிடமும் இருப்பதாகக் கண்டது. பரம்பரை அலகுகளில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கில் 25 கிராம்தான்.

தெற்கின் பரம்பரையும் வடக்கின் தட்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் ஓர் இடம் மலையகத் தோட்டம். இதை வைத்து அங்கே இந்த நோய் பரவலாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தோட்டப் பெண்களின் இரத்தச்சோகைக்கும் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவுக்கும் வறுமையும் போதாத உணவும் ஓயாத வேலையும் பெரும் காரணங்கள். அவற்றை ஒரு அரிய நோயின் பின்னால் மறைக்கவும் கூடாது. நான் கேட்பது வேறு. மாத்திரை கொடுத்தும் இரத்தம் ஏறாத பெண்ணிடம், சாப்பிட்டும் வளராத பிள்ளையிடம், "அது எங்கே போகுது?" என்ற இரண்டாவது கேள்வியை யார் கேட்கிறார்கள்?

எல்லோரும் ரொட்டியை விட்டுவிடுங்கள் என்பதும் என் வாதமல்ல. நோய் இல்லாத ஒருவர் கோதுமையை நிறுத்துவதால் பெறுவது எதுவுமில்லை. உடல் மெலிய வேண்டும் என்று கொழும்பில் சிலர் 'குளூட்டன் இல்லாமல்' சாப்பிடுவது வேறு கதை. அவர்களால், உண்மையிலேயே சாப்பிட முடியாதவர்களின் பேச்சும் நாகரிகமாகப் பார்க்கப்படுகிறது. தோட்டத்தில் மலிவாக வயிற்றை நிரப்பும் உணவை, காரணமில்லாமல் ஒரு குடும்பத்திடமிருந்து பறிப்பதும் தீங்குதான்.

அக்காவின் மகள்

பத்தில் ஒருவர் என்ற அந்த வரிக்கு வருகிறேன். என் நோய் உறுதியானதும், நெருங்கிய உறவுகளையும் பரிசோதிப்பது நல்லது என்று வைத்தியர் எழுதித் தந்தார். அக்காவுக்கு எடுத்தோம். இல்லை என்று வந்தது. அம்மா மறுத்துவிட்டார். "எனக்கு ரத்தம் கொறவுதான். தோட்டத்துல யாருக்குத்தான் நெறய இருக்கு? இத்தன வருஷம் சாப்பிட்டாச்சு, இனி எதுக்கு?" என்றார்.

எனக்குக் கண் போனது அக்காவின் மகளிடம். எட்டு வயது. வகுப்பு வரிசையில் எப்போதும் முதல் ஆள். கை கால் குச்சி போல இருக்க, வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கும். "தோட்டத்துப் புள்ளைங்க கட்டைதானே" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்று அம்மாவே சொன்னார். அதைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அக்காவைச் சம்மதிக்க வைத்துக் குருதி எடுத்தோம். அளவு உயர்ந்திருக்கிறது.

இப்போது எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாள் வரும்வரை அவள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் செய்த பிழையை அவளும் செய்யக் கூடாது. ஆனால் எனக்கு முப்பது வயதுக்கு மேல். என் கையால் நானே விழுங்கினேன். அக்கா தன் பிள்ளைக்கு, இது அவளுடைய குடலைத் தேய்க்கலாம் என்று தெரிந்துகொண்டே, காலையில் தட்டில் வைக்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது அக்கா தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். சின்னவள் என்னைப் பார்த்து, "சித்தி, ஒங்களுக்கு மட்டும் ஏன் வேற ரொட்டி?" என்று கேட்டாள்.

எனக்கு அம்மா அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தனியாக ரொட்டி தட்டியிருந்தார். அதற்கென்று புதுக் கல் ஒன்று வாங்கி, மற்றதோடு சேர்ந்துவிடாமல் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். அரிசி மா ரொட்டி ஓரம் உடையும். கோதுமை ரொட்டியைப் போலச் சுருட்ட வராது. "இத எப்பிடிம்மா மலைக்குக் கட்டிக்கிட்டுப் போறது?" என்று அம்மா என்னிடமல்ல, ரொட்டியிடம்தான் கேட்டார்.

நான் சின்னவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் அம்மா சொன்னார்: "இன்னுங் கொஞ்ச நாளு பொறு கண்ணு. அப்பறம் ஒனக்கும் இந்தக் கல்லுலதான்." பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ளய கூட்டிக்கிட்டுப் போற அன்னிக்கு எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லு. வந்தா வந்துட்டுப் போகுது" என்றார்.

அவருக்கு 61 வயது. பதினைந்து வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். கிளினிக் கார்டில் எல்லா இடத்திலும் ஒரே வரி: இரத்தம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை. இரண்டாவது கேள்வியை அவரிடமும் இதுவரை யாரும் கேட்டதில்லை.